படத்தின் ஓரத்தில் ஒரு சில்லு

லண்டன் சட்டனில் இருக்கும் தமிழ்ச் சனத்துக்கு என் தங்கை கனகாம்பிகையைத் தெரியும். ஆஸ்பத்திரி, கவுன்சில், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் என்று எங்கே இங்கிலீஷ் பேச ஆள் தேவைப்பட்டாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். அவளோடு போனவர்களுக்கு இன்னொன்றும் தெரிந்திருக்கும். டொக்டரின் அறைக் கதவைத் திறக்குமுன் அவள் நின்று ஒரு பேச்சுப் பேசுவாள்.

"அவர் சொல்லுறதை அப்பிடியே சொல்லுவன். நல்லதெண்டாலும் கெட்டதெண்டாலும். நீங்கள் சொல்லுறதையும் அப்பிடியே சொல்லுவன். பிறகு ஏன் சொன்னனீ எண்டு என்னைக் கேக்கக் கூடாது."

எங்கள் தெருவில் இருக்கும் முருகேசன் போன மாதம் என்னைக் கடையில் கண்டு, "டொக்டருக்கு நான் பயப்பிடேல்லை பத்மநாதன். உன்ரை தங்கச்சிக்குத்தான் பயந்தனான்" என்றார். நானும் சிரித்தேன். ஆனால் அவள் அந்தப் பேச்சைப் பேசத் தொடங்கியதற்குக் காரணம் நான் என்பது அவருக்குத் தெரியாது.

எங்கள் சங்கத்தின் ஆண்டு மலருக்கு, நம்மிடையே வாழும் ஒருவரைப் பற்றி எழுதித் தரச் சொல்லிக் கேட்டார்கள். தங்கையைப் பற்றி எழுத வேண்டும் என்பது என் நீண்ட நாள் ஆசை. அவளிடம் கேட்டேன்.

"எழுதுங்கோ. ஆனால் ஹாலமின்ரை கதையையும் எழுத வேணும். அதை விட்டுட்டு எழுதுறதெண்டால் என்னைப் பற்றி ஒண்டும் எழுத வேண்டாம்" என்றாள்.

ஆகவே எல்லாவற்றையும் எழுதுகிறேன். நான் எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்காதவன். ஆனால் 1984இல் லண்டனுக்கு வந்த நாளிலிருந்து ஒரு நாளும் தவறாமல் டயரி எழுதி வருகிறேன். தேதிகள் சரியாக இருக்கும்.

கனகம் எனக்கு ஒன்பது வயது இளையவள். அவள் கணவர் அம்பலவாணன் சங்கக்கடை மனேச்சர். அதிர்ந்து பேசாத மனிதர். 1990ஆம் ஆண்டு செப்டெம்பர் இரண்டாந் தேதி, ஞாயிற்றுக்கிழமை, மண்ணெண்ணெய் தேடிச் சைக்கிளில் போனார். அப்போது யாழ்ப்பாணக் கோட்டைக்குள் ஆமி அடைபட்டிருந்தது. அவர்களுக்கு உதவியாக விமானங்கள் வந்து கோட்டையைச் சுற்றிக் குண்டு போட்டுக்கொண்டிருந்தன. ஒரு குண்டு அவர் போன ஒழுங்கையில் விழுந்தது. பிள்ளைகள் இல்லை. முப்பத்தாறு வயதில் அவள் தனித்துப் போனாள்.

1992 பெப்ரவரியில் அவளை இங்கே எடுப்பித்தேன். குரோய்டனில் அகதி மனுக் கொடுத்தோம். முதல் எட்டு மாதமும் அவள் எங்கள் வீட்டுப் பின்னறையில்தான் இருந்தாள். மேலே விமானம் தாழப் பறந்தால் கையில் எடுத்த சோறு அப்படியே நிற்கும். சத்தம் போய் முடிந்தபின் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போவாள். என் மனைவி தவமலர் ஒருநாள் தராசு கொண்டுவந்து அவளை நிறுத்துப் பார்த்தாள். நாற்பத்தொரு கிலோ.

நான் அப்போது ஹை ஸ்ட்ரீட்டுக்குப் பின்னால் இருந்த பெற்றோல் நிலையத்தில் காசாளராக இருந்தேன். அங்கே காருக்குப் பெற்றோல் போட வருகிறவர்களில் ஒருவர் ஹாலம். எழுபது வயது. ரயில் நிலையத்தில் டிக்கட் கொடுக்கும் வேலை செய்து ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை. மகள் ஸ்கொட்லாந்தில். இரண்டு காலும் பலமிழந்து, ஒருநாள் காரைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு இறங்க முடியாமல் இருந்தார். "இனி நான் ஓட்டக் கூடாது நாதன்" என்றார். காலையில் மூன்று மணித்தியாலம் வந்து உதவி செய்ய ஒரு ஆள் கிடைக்குமா என்றும் கேட்டார். நான் என் தங்கையைச் சொன்னேன்.

1992 நவம்பர் ஒன்பதாந் தேதி, திங்கட்கிழமை, கனகம் அந்த வீட்டு வேலைக்குப் போனாள். அவளுக்குத் தெரிந்த இங்கிலீஷ் இருபது சொல் இருக்கும். அவருக்குத் தமிழ் ஒரு சொல்லும் இல்லை. ஆனாலும் இரண்டு பேருக்கும் ஒத்துப்போனது. அவள் கஞ்சி காய்ச்சினாள், காலைத் தேய்த்துவிட்டாள், வீட்டைத் துடைத்தாள். அவர் அவளை 'மிஸிஸ் கே' என்று கூப்பிட்டார். பேப்பரின் தலைப்புகளை விரலால் தொட்டுத் தொட்டு வாசித்துக் காட்டினார். டிசம்பரில், நத்தாருக்கு முன்பே அவள் வீட்டுக்கு வந்து கதை சொல்லத் தொடங்கிவிட்டாள்.

"கிழவர் இண்டைக்கு என்ரை றொட்டியைத் திண்டிட்டு, தண்ணி தண்ணி எண்டு கையைக் காட்டினவர். உறைப்பு. ஆனால் மிச்சத்தை வைக்கேல்லை."

"ஆரை நீ கிழவர் எண்டுறாய்? உன்ரை அண்ணருக்கும் தலையில மயிரில்லை" என்பாள் தவமலர்.

தங்கை சிரித்தாள். அவள் வந்த பத்து மாதத்தில் நான் கேட்ட முதற் சிரிப்பு அது. அன்றைய டயரியில் அதை மட்டும்தான் எழுதி வைத்திருக்கிறேன்.

ஹாலமின் கணப்பு அடுப்புக்கு மேலே ஒரு படம் இருந்தது. ஏழு இளைஞர்கள் புல்லில் இருக்கிறார்கள், ஒருவன் மடியில் நாய்க்குட்டி. படத்தின் இடது ஓரத்தில் ஒரு பெரிய சில்லு, டயர் பூட்டினது, இருக்கிற ஆளின் தலைக்கு மேலே உயரம். மற்றதெல்லாம் சட்டத்துக்கு வெளியே போய்விட்டது. கனகம் தினமும் அந்தப் படத்தைத் தூசி தட்டுவாள். ஏழு பேரில் வலது கரையில் இருந்து சிரிப்பவன் ஹாலம்தான் என்று அவளே கண்டுபிடித்துவிட்டாள். என்னிடம் கேட்டாள்: "ஆமியில இருந்தவரோ அண்ணை? உந்தப் பெரிய சில்லு என்ன, லொறியோ?"

எனக்கு அப்போது உண்மையில் தெரியாது. "லொறியாத்தான் இருக்கும்" என்றேன்.

1993 மார்ச் மாதம் ஆறாந் தேதி, சனிக்கிழமை. ஹாலம் என்னையும் வரச் சொல்லியிருந்தார். அதற்கு ஒரு கிழமைக்கு முன் ஒரு காரியம் நடந்திருந்தது. பாரமான விமானம் ஒன்று வீட்டுக்கு மேலால் தாழப் போனபோது கனகம் கோப்பையைக் கையில் பிடித்தபடி அசையாமல் நின்றாள். ஹாலமும் கரண்டியை வைத்துவிட்டுக் கூரையைப் பார்த்தார். சத்தம் போனபின் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அன்று மாலை அவர் எனக்குப் போன் எடுத்து, அவளுடைய கணவர் எப்படி இறந்தார் என்று கேட்டார். நான் சொன்னேன். சனிக்கிழமை என்னையும் வரச் சொல்லிவிட்டு வைத்தார்.

சனிக்கிழமை அவர் சவரம் செய்து, கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு இருந்தார். கனகத்தை எதிர்க் கதிரையில் இருக்கச் சொன்னார். என்னை நடுவில்.

"நாதன், நான் சொல்வதை நீ அவளுக்குச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு வசனமாக. நான் நிறுத்தும்போது நீ சொல். இதைக் கேட்டபின் அவள் இந்த வீட்டுக்கு வராமல் விட்டால் எனக்கு விளங்கும்."

பிறகு தொடங்கினார். யுத்தத்தில் அவர் குண்டு போடும் விமானத்தில் இருந்தவர். ஏழு பேர் கொண்ட குழு. அவருடைய வேலை விமானத்தின் மூக்குக்குள் குப்புறப் படுத்துக் கீழே பார்த்துக்கொண்டிருந்து, இலக்கு வந்ததும் பொத்தானை அழுத்துவது. 1944 ஆகஸ்ட் பதினாலாந் தேதி பகலில், பிரான்சில், தங்கள் படை முன்னேறுவதற்கு உதவியாகப் போனார்கள். இலக்கு தெரிவதற்காக அங்கே மஞ்சள் வெளிச்சம் போடப்பட்டிருந்தது. கீழே நின்ற தங்கள் படையினர் 'இங்கே நிற்பது நாங்கள், எங்களுக்குப் போடாதீர்கள்' என்று காட்டுவதற்கு ஒரு புகை எழுப்பினார்கள். அதுவும் மஞ்சள்.

"நான் மஞ்சளைக் கண்டேன். அழுத்தினேன்."

விமானத்தில் இருந்த கமரா, குண்டு விழுந்த இடத்தைத் தானாகவே படம் எடுத்திருந்தது. திரும்பி வந்தபின் அதை அவர்களுக்குக் காட்டினார்கள். எத்தனை பேர் இறந்தார்கள் என்று அவருக்குச் சரியாகத் தெரியாது. ஒரு பெயரும் தெரியாது.

அடுத்த மாதம் அவருக்குத் தடிமன் பிடித்துக் காது அடைத்தது. அப்படியானவர்களைப் பறக்க விடுவதில்லை. அவர் இடத்தில் வேறொருவரைப் படுக்க வைத்துக்கொண்டு விமானம் போனது. திரும்பவில்லை. மூன்று பேரின் உடல் ஒல்லாந்தில் கரை ஒதுங்கியது. மற்ற நாலு பேருக்கும் கல்லறை இல்லை. சுவரில் பெயர் மட்டும்.

"உன் கணவருக்கு மேலே ஒரு மனிதன் படுத்திருந்தான். நானும் அப்படிப் படுத்திருந்தவன். உன் கையால் சாப்பிட எனக்குத் தகுதி உண்டா என்று நீதான் சொல்ல வேண்டும்."

அவர் ஒவ்வொரு வசனத்திலும் நிறுத்தினார். ஒவ்வொரு முறையும் நான் தமிழில் பேசினேன். ஆனால் அவர் சொன்னதை நான் சொல்லவில்லை.

நான் சொன்னது இது. எழுத்துக்கு எழுத்து எனக்கு நினைவிருக்கிறது. "அவர் சண்டை நேரம் ஆமிக்குச் சாமான் அனுப்புற கந்தோரில வேலை செய்தவராம். அந்தப் படத்தில இருக்கிறவை அவற்ரை கூட்டாளிமாராம். ஒருக்கால் இவருக்குத் தடிமன் எண்டு நிண்டிட்டாராம். மற்றவை லொறியில போய்ச் செத்துப் போச்சினமாம். தான் மட்டும் தப்பினது தன்ரை பிழை எண்டு நினைச்சு அழுறார்."

நாற்பத்தொரு கிலோ நாற்பத்தெட்டாகி இருந்தது. விமானச் சத்தத்துக்குச் சோறு நின்றாலும், சத்தம் போனபின் சாப்பிட்டு முடித்தாள். இதைச் சொன்னால் அவள் மறுபடி பின்னறைக்குப் போய்விடுவாள் என்று நினைத்தேன். இது நான் எனக்குச் சொல்லிக்கொண்ட காரணம். இன்னொரு காரணமும் உண்டு. அதையும் எழுதுகிறேன். அந்த அறையில் இரண்டு பேருக்கும் நடுவில், எல்லாவற்றையும் அறிந்தவனாக நான் ஒருவன்தான் இருந்தேன். எட்டாம் வகுப்பு படித்தவனுக்கு அது ஒரு பெரிய கதிரை.

கனகம் எழுந்து போனாள். அவர் முன்னால் முழங்காலில் இருந்து, அவருடைய தலையில் கையை வைத்தாள். அவளும் அழுதாள்.

"அழாதேங்கோ ஐயா. அது விதி. நீங்கள் வேணுமெண்டு செய்யேல்லைத்தானே."

ஹாலம் என்னைப் பார்த்தார். "என்ன சொல்கிறாள்?"

அந்தப் பதிலை மட்டும் நான் ஒரு சொல்லும் மாற்றாமல் சொன்னேன். அழாதீர்கள், அது விதி, நீங்கள் வேண்டுமென்று செய்யவில்லை என்கிறாள் என்றேன். அவர் அவளுடைய கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டார். 

வீட்டுக்கு வரும் வழியில் கனகம், "பாவம் மனுசன். லொறி பிரண்டதுக்கு இவர் என்ன செய்வார்" என்றாள். நான் கியரை மாற்றினேன்.

அதன்பின் அவர்கள் இருவரும் அந்தக் கதையை எடுக்கவில்லை. வெள்ளைக்காரர் அப்படித்தான். ஒருமுறை சொல்லி முடிந்ததை மறுபடி கிண்டுவதில்லை. அவர் மட்டும் மாறிப்போனார். தோட்டத்தில் கதிரையைப் போட்டு வெயிலில் இருக்கத் தொடங்கினார். மகள் வந்தபோது என்னிடம், "அப்பா இப்போது இரவில் தூங்குகிறார். உங்கள் தங்கை என்ன செய்தாள்?" என்று கேட்டாள். என்ன பதில் சொன்னேன் என்று டயரியில் இல்லை.

இவ்வளவோடு நின்றிருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். அந்த வருடம் அம்பலவாணனின் துவசம் ஆகஸ்ட் இருபத்தொன்பதாந் தேதி வந்தது. ஆவணி வளர்பிறைத் துவாதசி அவருடைய திதி. எங்கள் வழக்கத்தில், இறந்தவருக்குப் படைத்தபின், வீட்டார் சாப்பிடுமுன், வெளியாள் ஒருவரை, மதிப்பான ஒருவரை இருத்திச் சாப்பாடு கொடுப்போம். அவர் வயிறு நிறைந்தால் போனவரின் வயிறு நிறைந்ததாக ஒரு எண்ணம். முந்தின வருடம் கோயில் ஐயரைக் கூப்பிட்டோம். அந்த வருடம் கனகம் சொன்னாள்:

"அண்ணை, இந்தமுறை ஹாலம் ஐயாவைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. அவர்தான் எனக்கு இஞ்சை மூத்த ஆள்."

"வெள்ளைக்காரனையோ துவசத்துக்கு?" என்றாள் தவமலர்.

"மாமிசம் சாப்பிடாமல் ரெண்டு நாள் இருக்கச் சொல்லி விட்டிருக்கிறன். ஓமெண்டவர்."

நான் வாயைத் திறக்க வேண்டிய நாள் அதுதான். திறக்கவில்லை. போய் அவரைக் கூட்டிக்கொண்டு வந்தேன். அதே கழுத்துப்பட்டி கட்டியிருந்தார். இது என்ன நாள் என்று வழியில் நான் அவருக்குச் சொன்னேன். "அவள் என்னைக் கூப்பிட்டாளா? இன்றைக்கா?" என்று இரண்டு முறை கேட்டார். எங்கள் வீட்டுச் சாமியறைக்கு எதிரில், அம்பலவாணனின் படத்தைப் பார்த்தபடி, குண்டு விழுத்திய அந்தக் கை வாழையிலையில் சோறு பிசைந்தது. கனகம் விசிறாத குறையாகப் பக்கத்தில் நின்று பரிமாறினாள். நான் பாயாசச் செம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

செப்டெம்பரிலிருந்து அவள் கல்லூரியில் இங்கிலீஷ் மாலை வகுப்புக்குப் போனாள். கிழமையில் இரண்டு நாள், ஒரு வகுப்பும் விடவில்லை. அவளுடைய கொப்பிகளைப் பார்க்கும்போது எனக்குப் பெருமையாகவும் இருக்கும், பயமாகவும் இருக்கும். "எட்டாம் வகுப்பு மொழிபெயர்ப்பாளருக்கு இனி வேலை இல்லை" என்று தவமலர் பகிடி விட்டாள். அடுத்த வருடம் கோடை முழுவதும் ரீவியில் யுத்தத்தின் ஐம்பதாம் ஆண்டு நிகழ்ச்சிகள். கனகம் பார்க்க வந்து இருந்தால் நான் சனலை மாற்றினேன்.

1994 ஆகஸ்ட் பதினாலாந் தேதி, ஞாயிறு, ஹாலம் எங்களை ரன்னிமீட் என்ற இடத்துக்கு அழைத்துப் போகச் சொன்னார். "ஐம்பது வருடம். கீழே இறந்தவர்களின் பெயர் எனக்குத் தெரியாது. தெரிந்த பெயர்கள் அங்கேதான் இருக்கின்றன" என்றார். மறுக்க ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

அது தேம்ஸ் ஆற்றுக்கு மேலே ஒரு குன்று. வெள்ளைக் கற்கட்டடம். உள்ளே சுவரெல்லாம் பெயர்கள், கல்லறை இல்லாத விமானப்படையினர் இருபதினாயிரம் பேருக்கு மேல். ஹீத்ரோ பக்கத்தில் இருப்பதால் இரண்டு நிமிடத்துக்கு ஒரு விமானம் தலைக்கு மேலால் போனது. கனகம் சில்லு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வாசலில் நின்று பலகையை வாசித்தாள். பிறகு தமிழில் மெல்லக் கேட்டாள்.

"எயர் ஃபோர்ஸ் எண்டெல்லோ போட்டிருக்கு. இவை லொறியில போனவையெல்லோ அண்ணை?"

"உள்ளுக்குப் போவம்" என்றேன்.

கல்லறை இல்லாத அந்த நாலு பேரின் பெயரும் ஒரே சுவரில் வேறு வேறு உயரத்தில் இருந்தன. ஹாலம் சொல்லச் சொல்ல அவள் தேடி, விரலால் தொட்டு, உரக்க வாசித்தாள். கடைசிப் பெயர் அவருடைய இடத்தில் படுத்துப் போனவனுடையது. அதை வாசித்து முடிந்ததும் ஹாலம் அவள் பக்கம் திரும்பினார். அவளுக்கு விளங்க வேண்டும் என்று மெதுவாகப் பேசினார்.

"மிஸிஸ் கே, அன்றைக்கு உன் சகோதரன் நான் செய்ததை எல்லாம் உனக்குச் சொன்னபோது, நீ என் தலையில் கை வைத்தாய். நான் குண்டு போட்டவன். உன் கணவர் குண்டால் இறந்தவர். இருந்தும் வைத்தாய். பிறகு அவருடைய நாளில் என்னை இருத்திச் சோறு போட்டாய். ஐம்பது வருடத்தில் வேறு எவரும் எனக்கு அதைச் செய்யவில்லை. நன்றி சொல்லவே உன்னை இங்கே கொண்டுவந்தேன்."

குண்டு என்ற சொல்லைக் கேட்டதும் அவள் கை சுவரிலிருந்து விழுந்தது. ஒரு விமானம் போனது. அது போய் முடியும்வரை அவள் என்னைப் பார்த்தாள். நான் கீழே பார்த்தேன்.

பிறகு அவள் அவரிடம் இங்கிலீஷில் சொன்னாள். பிழைகள் இருந்தன. வழக்கமாகத் திருத்துகிறவன் நான். அன்று திருத்தவில்லை. "மிஸ்டர் ஹாலம், அன்றைக்கு எனக்கு இது தெரியாது. நீங்கள் கந்தோரில் வேலை செய்தவர் என்று என் சகோதரன் சொன்னார். சிநேகிதர்கள் லொறியில் இறந்தார்கள் என்று சொன்னார். நான் அதற்குத்தான் கை வைத்தேன். மற்றது எனக்குத் தெரியாது. இப்போதுதான் தெரியும்."

 ஹாலம் கை இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டார். "தயவுசெய்து என்னைக் காருக்குக் கொண்டு போங்கள்" என்றார். அவள்தான் தள்ளினாள். ஹாலமை அவர் வீட்டில் இறக்கிவிட்டு வந்தோம்.

வீட்டுக்குள் வந்து சப்பாத்தைக் கழற்றும்போது அவள் கேட்டாள்: "ஏன் அண்ணை?"

"நீ அப்பத்தான் சாப்பிடத் தொடங்கினனீ பிள்ளை. சொன்னால் திரும்பவும்..."

"நான் சாப்பிடுறதும் விடுறதும் என்ரை பாடு. அவர் என்னட்டைக் கேட்டவர். உங்களிட்டை இல்லை. மறுமொழி சொல்ல வேண்டினது நான்."

"ஓம்."

"போன துவசத்துக்கு அவரைக் கூப்பிடேக்கை என்ன செய்துகொண்டு நிண்டனீங்கள்?"

"பாயாசம்..." என்று தொடங்கி நிறுத்திவிட்டேன். தவமலர் குசினிக்குள்ளிருந்து வந்து, எனக்காக ஒரு சொல்லும் பேசாமல், அவளைக் கூட்டிக்கொண்டு மேலே போனாள்.

திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் கனகம் வேலைக்குப் போகவில்லை. செவ்வாய்க்கிழமை ஹாலம் பெற்றோல் நிலையத்துக்குப் போன் எடுத்தார். குரல் உயரவில்லை.

"நாதன், அன்றைக்கு விமானக் கமரா எடுத்த படத்தை எங்களுக்குக் காட்டினார்கள். மறைத்திருக்கலாம். ஆனால் எங்கே விழுந்தது என்று எங்களுக்குக் காட்டினார்கள். நீ எனக்குக் காட்டவில்லை."

மன்னிப்புக் கேட்டேன். "அவளிடம் கேள்" என்று வைத்துவிட்டார். அவளிடமும் கேட்டேன், கதவுக்கு வெளியே நின்று. "எனக்குக் கேட்டது" என்று மட்டும் பதில் வந்தது.

வியாழக்கிழமை, ஆகஸ்ட் பதினெட்டு, துவசம். அவள் விடிய எழுந்து தோய்ந்து சமைத்தாள். கத்தரிக்காய், வாழைக்காய், பூசணி, பயிற்றங்காய், பருப்பு, வடை, பாயாசம். படைத்தோம். வெளியாளாக இந்தமுறை எவரும் வரவில்லை. அவள் படையலிலிருந்து எடுத்து எவர்சில்வர் அடுக்குப் பெட்டியில் வைத்தாள். ஒரு வாழையிலையைச் சுருட்டினாள். அம்பலவாணனின் படத்தையும் துவாயில் சுற்றி எடுத்தாள்.

"அண்ணை, காரை எடுங்கோ."

ஹாலமின் வீட்டு வாசலில் நான் பெட்டியைத் தூக்க அதன் பிடியைத் தொட்டேன். அவள் என் கையை எடுத்துவிட்டாள்.

"நீங்கள் உள்ளுக்கு வர வேண்டாம். காருக்குள்ள இருங்கோ. நான் கதைப்பன்."

பதினொன்று இருபதுக்கு உள்ளே போனாள். ஒரு மணிக்கு வந்தாள். ஒரு மணித்தியாலமும் நாற்பது நிமிடமும் நான் அந்த யன்னலின் மெல்லிய திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு தலைகள் தெரிந்தன. ஒருமுறை அவள் எழுந்து நின்றாள். ஒருமுறை அவர் முகத்தை மூடினார். அவள் கை அவருடைய தலைக்குப் போனதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். திரைக்குப் பின்னால் ஒன்றும் தெளிவாகத் தெரியவில்லை.

பெட்டி கழுவித் துடைத்திருந்தது. படம் துவாயில் பத்திரமாக இருந்தது.

"சாப்பிட்டவரோ?"

"அரைவாசி."

"என்ன சொன்னவர்?"

"அது உங்களுக்கு இல்லை அண்ணை" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. தெருவில் வழி கேட்டவனுக்குத் தெரியாது என்று சொல்வதுபோலச் சொன்னாள். கொஞ்ச தூரம் போனபின், "நாளைக்கு வேலைக்குப் போறன். எட்டு மணிக்கு எழுப்பிவிடுங்கோ" என்றாள்.

ஹாலம் இறக்கும்வரை அந்த வீட்டுக்குப் போனாள், இன்னும் ஒரு வருடமும் ஐந்து மாதமும். அடுத்த வருடத் துவசத்துக்கும் சாப்பாடு கொண்டுபோனாள். நான் காருக்குள் இருந்தேன். அவர் இறந்தபின் குரோய்டனிலிருந்து அகதி மனு நேர்முகத்துக்குக் கடிதம் வந்தது. அவளுக்காகப் பேச நான் லீவு எடுத்தேன். "வேண்டாம் அண்ணை, என்ரை கதையை நானே சொல்லுவன்" என்று ரயிலில் தனியாகப் போய் வந்தாள். எட்டு மாதத்தில் இங்கே இருக்க அனுமதி கிடைத்தது. அதன்பின்தான் மற்றவர்களுக்காகப் பேசப் போகத் தொடங்கினாள், முதலில் அந்தப் பேச்சைச் சொல்லிவிட்டு.

அவள் என்னோடு பேசாமல் விட்டதில்லை. அண்ணை என்றுதான் கூப்பிடுகிறாள். எனக்குச் சுகமில்லாதபோது சூப் வைத்துத் தந்தாள். ஆனால் எந்தக் கடிதத்தையும் எனக்கு வாசிக்கத் தருவதில்லை.

ஹாலமின் மகள் அந்த ஏழு பேர் படத்தை அவளுக்குக் கொடுத்தாள். எங்கள் முன்னறையில், அம்பலவாணனின் படம் இருக்கும் சுவருக்கு எதிர்ச் சுவரில் மாட்டியிருக்கிறாள். இரண்டையும் தினமும் தூசி தட்டுகிறாள். வீட்டுக்கு வருகிறவர்கள், ஆர் இந்த வெள்ளைக்காரப் பெடியள் என்று கேட்பார்கள். பிறகு கிட்டப் போய், இதென்ன சில்லு, லொறியோ என்று கேட்பார்கள்.

கனகம் பதில் சொல்ல மாட்டாள். தேநீர்த் தட்டைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தபடி நிற்பாள். நான்தான் சொல்ல வேண்டும்.

"இல்லை. பிளேன்ரை சில்லு. குண்டு போடுற பிளேன்" என்று சொல்லுவேன். அதன்பின்தான் அவள் தேநீரை நீட்டுவாள்.